சாலைக்கு எந்த டயர்? பந்தயத் தடத்துக்கு எந்த டயர்? வாகனம் வைத்திருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, மொரப்பூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து ஸலாம் சொன்னார். பெங்களூரில் வேலை பார்ப்பவர். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறார்.

"ஹஜ்ரத், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் கார் ஓட்டப் போறேன். அதுக்காக ரேஸ் டயர் மாட்டலாம்னு இருக்கேன். அதே டயரோட ஊருக்கும் வந்து போய்க்கலாம். அத்தா வேண்டாம்ங்கறாங்க. நீங்கதான் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லணும்" என்றார்.

எடுத்துச் சொல்வதற்கு முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருந்தது. டயர்க் கடைக்காரர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் கேட்டோம், தேடிப் படித்தோம். இதே கேள்வி இன்று பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் பைக்குக்கு அகலமான டயர் கேட்கிறார்கள், காருக்குப் பெரிய ரிம் கேட்கிறார்கள். பெற்றோருக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரிவதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

நல்ல டயரும் தவறான இடமும்

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த போட்டியில் அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-இல் இந்தியர் ஒருவர் புள்ளி பெற்றது அதுவே முதல் முறை. அந்தப் போட்டியின் முடிவைத் தீர்மானித்தது டயர்தான்.

அன்று 20 கார்கள் இருந்தன. அவற்றில் 14 கார்கள் மிஷ்லின் டயரிலும், நரேனின் ஜோர்டான் அணி உட்பட மூன்று அணிகளின் 6 கார்கள் பிரிட்ஜ்ஸ்டோன் டயரிலும் ஓடின. இரண்டு நாட்களுக்கு முன் நடந்த பயிற்சியில், அந்தத் தடத்தின் சரிவான கடைசி வளைவில் மிஷ்லின் டயர் பழுதாகி ஒரு கார் சுவரில் மோதியது. அந்த வளைவை முழு வேகத்தில் தொடர்ந்து சுற்றினால் தன் டயர்கள் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷ்லின் அறிவித்தது. அந்த 14 கார்களும் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. மீதி 6 கார்கள் மட்டுமே போட்டியில் ஓடின.

மிஷ்லின் மட்டமான டயர் செய்யும் நிறுவனமல்ல. ரேடியல் டயரை 1946-இல் உலகுக்குத் தந்ததே அந்த நிறுவனம்தான். அந்த டயர் மற்றத் தடங்களில் நன்றாக ஓடியது. அந்த ஒரு வளைவுக்குப் பொருந்தவில்லை. எனவே "இது நல்ல டயரா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எந்த இடத்துக்கு நல்ல டயர்?" என்றும் கேட்க வேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நஷ்டமும் கெட்ட பெயரும் வரும் என்று தெரிந்தும், உயிரைப் பணயம் வைக்காமல் காரை ஓரம் கட்டியதும் கவனிக்கத்தக்கது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு காரின் டயர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. பைக்கில் அது இன்னும் குறைவு. பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தாலும், அந்த உள்ளங்கை அளவு ரப்பர் பிடித்தால்தான் வண்டி நிற்கும், திரும்பும்.

ரப்பர் இளகியிருந்தால் சாலையிலுள்ள சிறு கற்களின் இடுக்குகளில் நன்றாக அழுந்திப் பிடிக்கும். இறுகியிருந்தால் மேலாகவே வழுக்கிப் போகும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்கிறது, வெயில் ஏறினால் உருகிவிடுகிறது. டயர் ரப்பர் அப்படி உருகாது என்றாலும், சூட்டைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. எந்தச் சூட்டில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்துதான் டயருக்கான கலவையைத் தயாரிக்கிறார்கள்.

பந்தய டயர் அதிகச் சூட்டுக்காகச் செய்யப்படுவது. பட்டனே இல்லாத மொழுமொழுப்பான 'ஸ்லிக்' டயர் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் தன் வேலையைச் சரியாகச் செய்யும். அதனால்தான் பந்தயங்களில் ஓட்டுவதற்கு முன்பே மின்சாரப் போர்வை சுற்றி டயரைச் சூடாக்குகிறார்கள். சாலையில் அந்தச் சூட்டுக்கு டயர் ஏறவே ஏறாது. வீட்டிலிருந்து புறப்பட்ட முதல் நிமிடத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்தால், குளிர்ந்த பந்தய டயர் சாதாரண டயரை விட மோசமாகப் பிடிக்கக்கூடும்.

மழை இரண்டாவது காரணம். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அல்ல, தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக. பள்ளம் குறைந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் சாலையை விட்டு எழும்பித் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. காய்ந்த தடத்தில் ஸ்லிக் டயருக்குப் பலமாக இருப்பது, ஈரச் சாலையில் அதன் ஆபத்தாகிவிடுகிறது.

டயர் வகைகள்

முதலாவது, வண்டியோடு கம்பெனியிலிருந்து வரும் சாதாரண டயர். நீண்ட நாள் உழைப்பு, மைலேஜ், குறைந்த சத்தம் ஆகியவற்றுக்காகச் செய்யப்படுவது.

இரண்டாவது, சாலைக்கான பெர்ஃபாமன்ஸ் டயர். கலவை சற்று மிருதுவானது, பக்கச் சுவர் விறைப்பானது, வளைவிலும் பிரேக்கிலும் பிடிப்பு அதிகம். மழைக்குத் தேவையான பள்ளங்களும் இதில் உண்டு. தேய்மானம் சற்று வேகமாக இருக்கும், விலையும் கூடுதல்.

மூன்றாவது, 'செமி ஸ்லிக்' எனப்படும் தடத்துக்கான டயர். சாலையில் ஓட்ட அனுமதி பெற்றவையும் இதில் உண்டு. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மழையில் அது தாங்குவது வேறு. பள்ளங்கள் மிகக் குறைவு என்பதால் தேங்கிய தண்ணீரில் ஆபத்து அதிகம்.

நான்காவது, முழு ஸ்லிக். இது தடத்துக்கு மட்டும்தான். சாலையில் போடவே கூடாது.

சில டயர்களின் பக்கச் சுவரில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். 400, 500 என்றிருந்தால் நீண்ட நாள் உழைக்கும் டயர். 200 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மிருதுவான, சீக்கிரம் தேயும் டயர். ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடும் எண் இது. ஆகவே ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது.

பக்கச் சுவரைப் படிப்பது எப்படி?

185/65 ஆர்15 88எச் என்று ஒரு கார் டயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 65 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமைக்கான குறியீடு: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கி.மீ. வரை. டி என்றால் 190, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. பைக்குகளில் பி என்றால் 150, எஸ் என்றால் 180.

சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் வண்டியின் கையேட்டில் சொன்னதை விடக் குறையக் கூடாது. பார்வைக்காக டயரை மாற்றும்போது பலர் கவனிக்கத் தவறுவது சுமைக் குறியீட்டைத்தான். தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பெருநாளுக்குக் குடும்பம் முழுவதும் ஏறி, டிக்கி நிறையச் சாமானும் ஏற்றும்போதுதான் அது தெரியவரும்.

அளவை மாற்ற விரும்பினால் டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. 16 அங்குல ரிம்முக்கு மாறினால் 195/55 ஆர்16 டயரும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் பழைய ரிம்மிலேயே 205/65 ஆர்15 மாட்டினால் உயரம் 647 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104-இல் போய்க்கொண்டிருக்கும். டயர் உள்ளே உரசவும் கூடும். கையேட்டில் அந்த மாடலுக்கு அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே சரி.

டாட் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரிப்புத் தேதி. 2223 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 22-வது வாரம். 'புதுசு' என்று கடையில் தருவது பல ஆண்டு கிடந்த சரக்காகவும் இருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நம் பகுதிச் சாலைகள்

மொரப்பூரிலிருந்து அரூருக்கும் தருமபுரிக்கும் போய்வரும் சாலைகளை நாம் அறிவோம். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே கதிரைப் பரப்பிக் காய வைக்கிறார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் சக்கை உதிர்த்துச் செல்கிறது. வயலிலிருந்து ஏறிய மண் படிந்திருக்கிறது. ஆடு மாடுகள் குறுக்கே வருகின்றன. கோடையில் தார் கொதிக்கிறது. ஐப்பசி மழையில் குழி எது, தண்ணீர் எது என்று தெரிவதில்லை. சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏற்காட்டுக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகள், மேலே பனி, ஈரம்.

இவ்வளவும் மாறி மாறி வரும் சாலைக்கு, ஒரே ஒரு நிலையில் மட்டும் சிறந்து விளங்கும் டயர் உதவாது. வெயில், மழை, குளிர், மண் எதிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும் டயர்தான் தேவை. பக்கச் சுவர் மிகக் குட்டையான டயர்களும் இங்கே சிரமம். குழியில் இறங்கினால் ரிம் வளையும், டயரின் பக்கவாட்டில் புடைப்பு வரும். புடைத்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரு சக்கர வாகனங்கள்

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓட்டுவது பைக். 'பின்னால் அகலமாக இருந்தால் பிடிப்பு அதிகம்' என்பது பரவலான எண்ணம். கம்பெனி கொடுத்த ரிம்முக்கு மீறிய அகல டயரை மாட்டினால், டயர் நெருக்கப்பட்டு அதன் வளைவு மாறிவிடும். வண்டி சாயும்போது ரப்பர் சாலையைத் தொடும் விதமே கெட்டுப்போகும். திருப்புவதும் கடினமாகும், மைலேஜும் குறையும்.

முன் டயரும் பின் டயரும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடியாக இருப்பது நல்லது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் முன் டயர்தான் வண்டியை நிறுத்துகிறது. பின்னால் விலை உயர்ந்த டயரைப் போட்டுவிட்டு, முன்னால் தேய்ந்ததை விட்டுவைப்பது தலைகீழான சிக்கனம்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை சாய்த்துத் திருப்பாமல், திடீர் பிரேக் போடாமல் நிதானமாக ஓட்ட வேண்டும். புது டயர் போட்ட அன்றே வழுக்கி விழுந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு.

தடத்துக்குப் போகும் நாளில்

வேகத்தை அனுபவிக்க விரும்பும் இளைஞர்களுக்குத் தமிழகத்தில் உரிய இடங்கள் இருக்கின்றன. முற்காலத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. அதன் நீளம் 3.7 கி.மீ. கோவை செட்டிபாளையத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதனின் பெயரால் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, நீளம் 2.1 கி.மீ. இங்கெல்லாம் எதிரே வண்டி வராது, குறுக்கே ஆள் வர மாட்டார்கள், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

முதல் முறை தடத்துக்குப் போகிறவருக்கு பந்தய டயர் தேவையில்லை என்பதே அனுபவசாலிகளின் ஆலோசனை. நல்ல நிலையிலுள்ள சாலை பெர்ஃபாமன்ஸ் டயரே போதும். அது பிடிப்பை இழக்கும் முன் சத்தம் போட்டு, மெல்ல நழுவி எச்சரிக்கும். ஓட்டக் கற்பவருக்கு அந்த எச்சரிக்கைதான் ஆசிரியர். பந்தய டயர் அதிக வேகம் வரை பிடித்துவிட்டு, விடும்போது சட்டென்று விட்டுவிடும்.

பலமுறை போய்ப் பழகி, அதையே தொடர விரும்புகிறவர்கள் தனி ரிம்மில் தனி செட் டயர் வைத்துக்கொள்ள வேண்டும். தடத்தில் போய் மாட்டி, முடிந்ததும் கழற்றிவிட்டுச் சாலை டயரில் வீடு திரும்ப வேண்டும். அதற்கான செலவு கட்டுப்படியாகாது என்றால், சாலை டயரிலேயே சற்று மெதுவாகச் சுற்றலாம். சாலை டயரில் தடத்தைச் சுற்றினால் சில நொடிகள்தான் நஷ்டம். தட டயரில் சாலைக்கு வந்தால் என்ன நஷ்டமாகும் என்பது யாருக்கும் தெரியாது.

காற்றழுத்தம் மிக முக்கியம். சூடு ஏற ஏற டயருக்குள் அழுத்தமும் ஏறும். சுமார் 5 அல்லது 6 டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. என்பது பொதுக் கணக்கு. தடத்தில் சில சுற்றுகளிலேயே அழுத்தம் பல புள்ளிகள் ஏறிவிடும் என்பதால், இடையிடையே நிறுத்தி அளந்து காற்றைக் குறைப்பார்கள். அப்படிக் குறைத்ததை மறந்துவிட்டு வீட்டுக்குப் புறப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது. டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்கும் கீழே போயிருக்கும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மொரப்பூருக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடாகி வெடித்துவிடும். ஆகவே டயர் ஆறிய பின், கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று நிரப்பிவிட்டே புறப்பட வேண்டும்.

சாதாரண நாட்களிலும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதே காற்றைப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் நிரப்பினால் பார்க்கவே வேண்டாம் என்பது தவறு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அது சற்று மெதுவாகக் கசியும், அவ்வளவுதான்.

எப்போது மாற்றுவது?

பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. கார்களுக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ., இரு சக்கர வாகனங்களுக்கு 0.8 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. பட்டன் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். தடத்தில் ஓட்டிய டயர் திரும்பத் திரும்பச் சூடேறி ஆறுவதால் சீக்கிரமே இறுகிவிடும்.

காரில் இரண்டு டயர் மட்டும் மாற்ற முடிந்தால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பழகாதவரால் அதைச் சமாளிக்க முடியாது.

மொட்டை டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்புப் பூசி, 'நல்ல செகண்ட் ஹேண்ட்' என்று விற்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. குறையை மறைத்து விற்பது மோசடி என்பது நாம் அனைவரும் அறிந்த மார்க்கச் சட்டம். இங்கே அந்த மோசடிக்கு விலை பணம் மட்டுமல்ல, வாங்கியவரின் உயிரும்தான்.

பெற்றோர் கவனத்துக்கு

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுக் கார் பந்தயம் நடந்தது. அதைப் பார்த்து, ஊர்ச் சாலையிலும் ஓட்டலாம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. அங்கே அரசு சாலையை மூடி, இருபுறமும் தடுப்பு அமைத்து, விளக்குப் போட்டு நடத்தியது. அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மூன்று ஆண்டு வரை சிறையையும் 25,000 ரூபாய் அபராதத்தையும் சந்திக்க நேரும்.

சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. தடத்துக்குப் போகும் முன் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள்.

உயிர் நம்மிடம் கொடுக்கப்பட்ட அமானிதம். நம் வண்டியில் பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும், எதிரே நடந்து வருபவரின் உயிரும் அப்படித்தான். இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவது என்பது, நம்மால் ஆனதை முதலில் செய்துவிட்டுச் சாட்டுவதே. வீட்டிலிருந்து புறப்படும்போது துஆ ஓதுகிறோம். அதோடு சற்றுக் குனிந்து நான்கு டயர்களையும் பார்த்துவிட்டால் ஒரு நிமிடம்தான் ஆகும்.

அந்த இளைஞரிடம் இவ்வளவையும் சொன்னோம். ரேஸ் டயர் வாங்கும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். கையேட்டில் சொன்ன அளவிலேயே நல்ல சாலை பெர்ஃபாமன்ஸ் டயர் நான்கும், காற்று அளக்கும் கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறார். அத்தாவிடம் நாமும் பேசினோம். "திரும்பி வரும்போது காத்துப் பாத்துட்டுக் கிளம்பணும்" என்ற ஒரு நிபந்தனையோடு அவர் சம்மதம் தந்திருக்கிறார். அது நியாயமான நிபந்தனை என்றே நமக்கும் படுகிறது.